பிள்ளைகளிடமிருந்து கணக்கைப் பிடுங்காதீர்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், மீளாய்வுக் கூட்டம் நடத்தும் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து, போன மாதக் கடைசியில் ஓய்வு பெற்றேன். இந்தக் கடிதத்தை நான் பணியில் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். அப்போது எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு பையன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் அவன் என் வீட்டுக்கு வந்தான். நான் பத்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பையன். பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். முதலாண்டுக் கணக்குத் தாளில் இரண்டு முறை அரியர். மூன்றாவது தடவை எழுதுவதற்கு முன் என்னிடம் கேட்டுப் படிக்கலாம் என்று நோட்டோடு வந்திருந்தான். சரி, அடிப்படையிலிருந்து தொடங்குவோம் என்று x² − 5x + 6 என்று எழுதி, இதைக் காரணிப்படுத்து என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் தலையைத் தூக்கி, "சார், இது நம்ம லிஸ்ட்ல இருந்துச்சா?" என்று கேட்டான்.

அவன் குறை சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குத்தான் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்த 'லிஸ்ட்' நான் போட்டது.

அது என்ன லிஸ்ட் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14. செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8. இந்த மூன்றையும் கூட்டினால் 30. முதல் பாடத்தில் கார்ட்டீசியன் பெருக்கல் மாதிரி சுலபமான இரண்டு மதிப்பெண் கேள்வி மூன்று வந்தால் 36. தேர்ச்சிக்கு 35 போதும். ஆக, காலாண்டுத் தேர்வில் 20-க்குக் கீழே வாங்கிய பிள்ளையின் பெயருக்கு நேரே 'மெல்லக் கற்போர்' என்று எழுதுவோம். புத்தகத்தில் இருக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடையை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வோம். வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் படிகளை ஐம்பது முறை வரைய வைப்போம். முக்கோணவியல், அளவியல், இயற்கணிதத்தில் பெரிய கணக்கு, இவையெல்லாம் "உனக்கு வேண்டாம்ப்பா, விட்டுடு".

அந்த மூன்று வார்த்தையை நான் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை. அந்தப் பையன் 38 வாங்கித் தேர்ச்சி பெற்றான். அன்றைக்கு ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தோம், பள்ளி நூறு சதவீதம். எனக்குக் கூட்டத்தில் பாராட்டும் கிடைத்தது. அவனுக்குக் கிடைத்தது என்ன? ஒரு வருடம் முழுக்க ஒரே ஒரு கணக்கில்கூட அவன் மாட்டிக்கொண்டு தவித்து வெளியே வரவில்லை. தவிக்க நான் விடவே இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் கஷ்டமான கணக்கைக் கொடுத்தேன், அவர்கள் மேலும் கெட்டியானார்கள். யாருக்கு அந்தப் பயிற்சி அதிகம் தேவையோ அவர்களிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டேன். அன்பினால் செய்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பையன் வந்துபோன பிறகு, அடுத்த ஆண்டு, 'லிஸ்ட்'டில் இருந்த பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்து ஒரு வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் அளவியல் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன். களிமண்ணால் செய்த ஒரு கூம்பு. உயரம் 24 செ.மீ., அடியின் ஆரம் 6 செ.மீ. அதே மண்ணைப் பிசைந்து ஒரு கோளமாக உருட்டினால் கோளத்தின் ஆரம் எவ்வளவு? சூத்திரங்களைப் பலகையின் ஓரத்தில் எழுதிவிட்டேன். எந்தச் சூத்திரத்தைப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். அதிகம் பேச மாட்டாள். கூம்பின் வளைபரப்பையும் கோளத்தின் வளைபரப்பையும் சமப்படுத்தி ஆரம்பித்தாள். சாயுயரம் கண்டுபிடிக்கப் போனதும் √612 என்று வந்து நின்றது. அடித்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் √612. பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்த்தாள், அங்கேயும் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? 'கனஅளவும்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாத்தியாருக்கு வகுப்பில் வாயை மூடிக்கொண்டிருப்பதைவிடக் கடினமான வேலை வேறு இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இருபது நிமிடம் போயிருக்கும். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து எதையோ உருட்டுவது மாதிரி உருட்டினாள். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். "சார், எங்கம்மா கொழுக்கட்டை பிடிக்கிறப்ப நீட்டா பிடிச்சாலும் உருண்டையா பிடிச்சாலும் மாவு அதே மாவுதானே? மேல்தோல்தானே மாறுது? அப்ப நான் சமப்படுத்த வேண்டியது தோலை இல்ல, மாவை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே குனிந்து எழுதினாள். கூம்பின் கனஅளவு 288π. கோளத்தின் கனஅளவும் அதுவே. ஆரத்தின் கனம் 216. ஆரம் 6. எழுதி முடித்து அடியில் இரண்டு கோடு போட்டாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூம்பின் ஆரமும் 6, கோளத்தின் ஆரமும் 6 என்று வந்ததில் தப்பு செய்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டு இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். தன் விடையைத் தானே சந்தேகப்பட்டுச் சரிபார்த்ததை அந்த வகுப்பில் நான் அதுவரை பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அவள் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டாள் என்று நான் கதை சொல்லப் போவதில்லை. பொதுத் தேர்வில் 61 வாங்கினாள். ஆனால் டிசம்பருக்குப் பிறகு, தெரியாத கணக்கைப் பார்த்தால் தாளைத் திருப்பிக் கவிழ்த்துவிடும் பழக்கம் அவளிடம் இல்லாமல் போனது. எழுதிப் பார்ப்பாள். தப்பானால் அடிப்பாள். திரும்ப எழுதுவாள்.

இது ஏதோ ஒரு வாத்தியாரின் அனுபவம் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. சிங்கப்பூரில் பணியாற்றிய மனு கபூர் என்ற கல்வி ஆய்வாளர் 2008-இலிருந்து இதைப் பற்றி எழுதிவருகிறார். அங்குள்ள பள்ளிகளில் ஒரு பிரிவு மாணவர்களுக்கு முதலில் முறையைச் சொல்லிக்கொடுத்துப் பிறகு கணக்குப் போட வைத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு முறையைச் சொல்லாமலே கணக்கைக் கொடுத்து முட்டி மோத விட்டார்கள். பெரும்பாலோர் சரியான விடைக்கு வரவில்லை. அதற்குப் பிறகுதான் ஆசிரியர் பாடம் நடத்தினார். வழக்கமான கணக்குகளில் இரு பிரிவும் ஏறக்குறைய ஒன்றாகவே செய்தன. ஆனால் 'ஏன் இப்படி' என்று விளக்குவதிலும், பார்த்தறியாத புதுக் கணக்கிலும் முட்டி மோதிய பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள். அவர் இதைப் பயன்தரும் தோல்வி என்கிறார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகளைத் தவிக்க விட்டுவிட்டு ஆசிரியர் போய்விடவில்லை. அவர்கள் செய்த தப்புகளையே எடுத்துவைத்துப் பாடம் நடத்தினார். அந்த இரண்டாம் பாதி இல்லாவிட்டால் அந்த முறையே இல்லை.

இது எங்கள் அப்பாவுக்கு வேறு விதமாகத் தெரிந்திருந்தது. எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. நெல்லுக்குத் தண்ணீர் கட்டுவதில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார்கள். வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் வேர் மேலேயே படர்ந்து சொகுசாக இருந்துவிடும். தண்ணீர் வற்றி, மண்ணில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு விடும்போது, வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். அப்போது மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். தூர் நன்றாகக் கட்டும், காற்றுக்கும் சாயாது. சின்ன வயதில் நான் அந்த வெடிப்பைப் பார்த்துவிட்டு, "பயிர் செத்துடும்ப்பா, மடையைத் திறங்க" என்று அழுதிருக்கிறேன். "இன்னைக்கு ஒரு நாள் பொறு. வேர் கீழ போவுது" என்பார் அப்பா.

ஆனால் அதே அப்பா, பயிர் தொண்டைக்கதிருக்கு வந்துவிட்டால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மண்வெட்டியோடு மடையில் நிற்பார். கதிர் வெளிவந்து பூக்கிற சமயத்தில் வயல் காய்ந்தால் முழுக்கப் பதராகிவிடும். எப்போது காயவிட வேண்டும், எப்போது காயவே விடக் கூடாது, இரண்டும் தெரிந்தவர்தான் விவசாயி. நாம் செய்வது என்ன? ஜூன் மாதம் பிடித்து வயலில் தண்ணீரைத் தேக்கியே வைக்கிறோம், வேர் இறங்கவே இல்லை. பொதுத் தேர்வு நெருங்கும்போது கூட்டத்தில் நிற்கவைத்துத் திட்டி, பிள்ளைகளையும் ஆசிரியரையும் காயப்போடுகிறோம். தலைகீழ்.

கும்பகோணம் எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். இராமானுஜனைப் பற்றிச் சொல்லாமல் கணக்கு வாத்தியார் யாரும் பேசி முடிக்க மாட்டார். நானும் சொல்கிறேன், ஆனால் வழக்கமாக விட்டுவிடுகிற பகுதியைச் சேர்த்து. 1903-இல், பள்ளி மாணவராக இருந்தபோது, கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணிதத் தொகுப்பு அவர் கைக்கு வந்தது. சுமார் ஐயாயிரம் முடிவுகள் அதில் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விரிவான நிரூபணம் கிடையாது, ஒரு குறிப்பு மட்டும் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. சாதாரணமாகப் பார்த்தால் பாடப் புத்தகத்துக்கு அது பெரிய குறை. அந்தக் குறைதான் அவரைத் தானே போட்டுப் பார்க்க வைத்தது. காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்துப் போட்டார். விடையை விவரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தப் பையன் படித்துவிட்டு மூடிவைத்திருக்கக்கூடும்.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அதற்கடுத்து நடந்ததையும் பாருங்கள். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் போகாததால் அந்த உதவித்தொகை போயிற்று. 1905-இல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பல ஆண்டுகள் வேலையில்லாமல் அலைந்தார். அந்தத் தோல்வி அவரை வளர்த்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அவரைக் கிட்டத்தட்ட முடித்தே விட்டது. நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. வயிற்றுக்கு வழி பிறந்த பிறகுதான், 1913 ஜனவரியில், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அந்தக் கடிதம் போனது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், "கஷ்டப்பட்டால்தான் முன்னுக்கு வர முடியும்" என்ற பேச்சை நம் பள்ளிகளில் மிகச் சுலபமாகப் பேசுகிறோம். மேடையில் பேசும் விருந்தினர் பேசுவார், தேர்வு முடிவு நாளன்று நாமும் பேசுவோம். பசி ஒரு சவால் இல்லை. காலையில் சாப்பிடாமல் வந்து முதல் பாடவேளையில் மயங்கி விழுந்த பிள்ளையை நான் தூக்கியிருக்கிறேன். அது எந்த மன உறுதியையும் வளர்க்கவில்லை. 1982-இல் சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது அந்தப் பசியை நீக்கத்தான். அப்பா குடித்துவிட்டு வந்து விளக்கை அணைக்கிற வீட்டில் படிப்பதும், சாதியைச் சொல்லித் தள்ளிவைப்பதும், எல்லோர் முன்னிலையிலும் மதிப்பெண்ணை வாசித்து நிற்கவைப்பதும் பிள்ளையைக் கெட்டியாக்காது, நொறுக்கும். இவற்றை நாம் தடுக்க வேண்டும், முடிந்த மட்டும் தடுக்க வேண்டும். கணக்கு கஷ்டமாக இருப்பது வேறு. வயிறு நிரம்பி, பக்கத்தில் நம்பிக்கையான ஒரு ஆள் இருக்க, தப்பானால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று தெரிந்து, முட்டி மோதுகிற கஷ்டம் அது. அதைத்தான் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்க மறுக்கிறோம். தடுக்க வேண்டிய கஷ்டத்தை விட்டுவிட்டு, கொடுக்க வேண்டிய கஷ்டத்தைத் தடுக்கிறோம்.

தலைமையாசிரியர்களே, உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. 92 சதவீதம் வந்தால் மீதி 8 எங்கே என்று உங்களை நிற்கவைத்துக் கேட்கிறார்கள். விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் ஜூலையிலேயே, தேர்ச்சிக்கு மட்டும் போதுமான குறைந்தபட்சக் கையேட்டை அச்சடித்து லிஸ்ட்டைப் போட்டுவிடுகிறீர்கள். நான் கேட்பது கையேட்டைக் கிழித்துப் போடச் சொல்லி இல்லை. அதை அரையாண்டுத் தேர்வு முடியும் வரை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். 14-ஐயும் 16-ஐயும் கூட்டி 30 ஆக்க, ஜனவரி, பிப்ரவரி திருப்புதல் சமயம் தாராளமாகப் போதும். ஜூனிலிருந்து டிசம்பர் வரைக்குமாவது எல்லாப் பிள்ளைக்கும் கணக்குப் புத்தகத்தின் எட்டுப் பாடமும் சேரட்டும். வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை, முறை சொல்லாத ஒரு கணக்கு. அரை மணி நேரம் அவர்களுடையது. மீதி நேரம் ஆசிரியருடையது. அந்தப் பாடவேளையில் யாரும் மதிப்பெண் போட வேண்டாம், பதிவேட்டில் ஏற்றவும் வேண்டாம்.

ஒன்றும் தெரியாத பிள்ளை அரை மணி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கும் என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். உண்மைதான், முதல் மூன்று வாரம் அப்படித்தான் இருந்தது. பாதிப் பேர் கணக்கை அழகாகப் பார்த்து எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் படம் மட்டும் வரையுங்கள் என்றேன். அடுத்த வாரம், தெரிந்த எண்களைப் படத்தில் குறியுங்கள் என்றேன். நான்காவது வாரம்தான் அந்தக் கொழுக்கட்டைக் கணக்கு.

கல்வி அலுவலர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் சின்ன விஷயம். அடுத்த மீளாய்வுக் கூட்டத்தில் சதவீதத்தைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு சேர்த்துக் கணக்கு ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மாதம் உங்கள் வகுப்பில் பிள்ளைகள் எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள்? எப்படி வெளியே வந்தார்கள்?" நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தால் போதும், மறுநாளே வகுப்பறை மாறும். 31 ஆண்டுகளில் என்னிடம் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தப் பையனின் லிஸ்ட்டை நான் வேறு மாதிரி போட்டிருப்பேன்.

அவனைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்து மூன்று மாதம் சனி, ஞாயிறு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கினோம். விடையைச் சொல்ல மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். கோபப்பட்டான். ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரம் வந்து, தானாகப் போட்ட நாலு கணக்கைக் காட்டினான், அதில் மூன்று தப்பு. எங்கே தப்பு என்று அவனே கண்டுபிடிக்கும் வரை இருட்டிவிட்டது. அந்தத் தடவை அரியர் போயிற்று.

சில நாளில் பள்ளி திறந்துவிடும். பத்தாம் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள். முதல் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், எல்லாப் பிள்ளையும் உட்கார்ந்திருக்க, ஒரு கூம்பு, உயரம் 24, ஆரம் 6 என்று எழுதிப் பாருங்கள். கையில் கொஞ்சம் களிமண்ணும் கொடுங்கள். பக்கத்துப் பள்ளி எதுவானாலும் சொல்லியனுப்பினால் மண்ணை நானே பிசைந்து எடுத்துக்கொண்டு வருகிறேன். √612 என்று வந்து நிற்கும்போது மட்டும் தயவுசெய்து ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்